காற்றில்லாத ரொட்டி

என் மாப்பிள்ளை வீட்டிலேயே முழுக் கோதுமை ரொட்டி சுடுகிறார் என்று சொன்னால், ஏதோ தின்கிற பொருளைப் பற்றிச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். அது உங்கள் தப்பு இல்லை. நானும் முதலில் அப்படி நினைத்துத்தான் வாயைத் திறந்தேன்.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். அந்தத் தொழிலில் அவரைக் குறை சொல்ல எவனும் பிறக்கவில்லை. லிஃப்ட் முனகுகிற முனகலை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மாடிக் கட்டடங்களில் குடியிருக்கிறவர்கள் சாயங்காலம் உருப்படியாக வீடு போய்ச் சேர்கிறார்கள் என்றால் அதில் அவருடைய ஸ்பானருக்குப் பங்கு உண்டு. இதையெல்லாம் நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போகிறதைக் கேட்டுவிட்டு, மாப்பிள்ளைமேல் எனக்கு மரியாதை இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அவர் வருஷக்கணக்கில் லீவே எடுக்காத ஆள். சேர்ந்துபோன லீவை எடுத்தே ஆக வேண்டும் என்று கம்பெனியில் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்தவர் முதலில் குழாய்களை எல்லாம் சரி பண்ணினார். அப்புறம் கதவுகளை. அப்புறம் சரியாக இருந்த கடிகாரத்தைச் சரி பண்ணினார். சரி பண்ண ஒன்றுமே மிச்சமில்லாத ஒரு நாள், போனில் ஒரு தாடிக்காரன் மாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார்.

அன்றோடு எங்கள் வீட்டுக்குச் சனி பிடித்தது.

தாடிக்காரன் சொன்னதை எல்லாம் மாப்பிள்ளை என்னிடம் வந்து ஒப்பித்தார். வெள்ளை மாவு விஷமாம். தவிட்டோடு அரைத்த கோதுமைதான் மனுஷன் தின்ன வேண்டியதாம். தவிடு மாடு தின்கிற பொருள், அதற்காகக் கடவுள் மாட்டுக்கு நாலு அறை வைத்த வயிற்றைக் கொடுத்திருக்கிறார், எனக்குக் கொடுத்தது ஒன்றுதான், அதுவும் பழசு என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. மகள் வீட்டில் எனக்கென்று ஓர் அறையும் வெயில் வருகிற ஜன்னலும் கொடுத்து, "மாமா மாமா" என்று தாங்குகிற மனுஷன். "அப்படிங்களா மாப்பிள்ளை" என்றேன்.

ரொட்டி சுடுகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ தப்புப் பண்ணுவார்கள். தண்ணீர் குறைந்துபோகும், அடுப்பு சூடாகாது, பொறுமை போய்விடும். என் மாப்பிள்ளை பண்ணினது வேறு எவனும் பண்ண முடியாத தப்பு. எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிற லிஃப்ட் என்று ஒரு ரகம் இருக்கிறது. அந்த எண்ணெயில் காற்றுக் குமிழ் புகுந்துவிட்டால் பெட்டி குலுங்கும், இறங்க வேண்டிய இடத்தில் இறங்காது. அதனால் காற்றை ஒட்ட வெளியேற்றுவதுதான் மெக்கானிக்குக்குப் பாலபாடம். அதையே படித்துப் படித்துத் தேர்ந்த மனுஷனுக்கு, ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவு குமிழ் விட்டுப் பொங்கியதைப் பார்த்ததும் பகீரென்றது.

"காத்து பூந்திருக்கு மாமா" என்றார், வைத்தியர் மாதிரி.

இரண்டு உள்ளங்கையையும் வைத்து அமுக்கினார். மாவு பெருமூச்சு விட்டு அடங்கியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி எழும்பியது. அதன்மேல் பூரிக்கட்டையை உருட்டினார். மறுபடி எழும்பியது. குடை ரிப்பேர் பண்ணுகிற கம்பியைக் கொதிநீரில் கழுவி, மூலை மூலையாகக் குத்திக் காற்றை எடுத்தார். ஈஸ்ட் செத்துப்போகவில்லை. மனசு விட்டுப்போயிற்று. அதற்கப்புறம் அந்த மாவு அசையவே இல்லை. மாப்பிள்ளை திருப்தியோடு அதைத் தகரப் பெட்டியில் வைத்து, மேலே, தளம் கோணாமல் இருக்கிறதா என்று காட்டுகிற ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். ரசமட்டக் குழாய்க்குள் இருக்கிற அந்தச் சின்னக் குமிழ் கரெக்டாக நடுவில் வந்து நின்றது. அவர் தன் வாழ்க்கையில் அனுமதித்த ஒரே காற்றுக் குமிழ் அதுதான்.

அடுப்பிலிருந்து எடுத்த முதல் ரொட்டி கைதவறிக் கீழே விழுந்தது. கீழ்வீட்டுக்காரர் ஏறிவந்து, அனுமதி வாங்காமல் சுவரை இடிக்கிறீர்களா என்று விசாரித்தார். அவரிடம் ரொட்டியைக் காட்டினோம். தூக்கிப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்.

கத்தி இறங்கவில்லை. மாப்பிள்ளை அலட்டிக்கொள்ளவில்லை. தன் பையிலிருந்து இரும்பு அறுக்கிற ரம்பத்தை எடுத்துவந்தார். தட்டில் விழுந்த தூளையும் வீணாக்காமல் ஜன்னல் ஓரத்தில் போட்டார். எறும்புகள் வந்தன, கூடிப் பேசின, சுற்றிக்கொண்டு போய்விட்டன. ஒரு காக்கா மட்டும் கொஞ்சம் பெரிய துண்டைக் கவ்விக்கொண்டு கிளம்பியது. எதிர்வீட்டு மொட்டைமாடிக்குப் போக வேண்டிய காக்கா, மூன்றாவது மாடி பால்கனியில் இறங்கி, அங்கிருந்து படி வழியாக நடந்துபோனதை என் கண்ணால் பார்த்தேன்.

மாப்பிள்ளை ஒரு துண்டை என் தட்டில் வைத்தார். "எப்படி மாமா? வீட்ல செஞ்சது." இந்த 'வீட்ல செஞ்சது' என்பதை அவர் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

"பிரமாதம் மாப்பிள்ளை" என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக என் கடைவாய்ப் பல் ஒன்று உயிரைக் கொடுத்தது.

கீழ்த்தளத்தில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். பல்லைப் பிடுங்கினவர் காரணத்தைக் கேட்டார். சொன்னேன். மறுநாளே மேலே ஏறிவந்து, இப்பேர்ப்பட்ட ரொட்டியை இந்தக் கட்டடம் முழுக்க எல்லாரும் சாப்பிட வேண்டும் என்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். தான் மட்டும் வாயில் வைக்கவில்லை. படித்த மனுஷன்.

பாராட்டு என்பது அமுக்கினாலும் அடங்காத மாவு. எங்கள் வீட்டிலும் அது பொங்கி வழிந்தது. லீவு முடிகிற சமயத்தில், ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளை சாவதானமாகச் சொன்னார்: "வேலைய விட்டுடலாம்னு இருக்கேன் மாமா. முழுநேரமா இதுலயே எறங்கிடலாம்."

என் மகள் கையில் இருந்த கரண்டி நின்றது.

அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். துளி கீறல் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. புருஷன் ரொட்டியில் மட்டும் அவளுக்குக் கீறல் தெரியாமல் இருக்குமா? தெரியும். பாத்திரம் தேய்க்கிற இடத்தில் என்னைத் தனியாகப் பிடித்து, அழுகிற குரலில் சொன்னாள். அந்த லிஃப்ட்களிடம் போனால்தான் அவர் மனுஷனாக இருக்கிறாராம். கை நிறைய கிரீஸோடு வீட்டுக்கு வந்தால்தான் ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறாராம். அதை விட்டுவிட்டு இந்தக் கட்டியைச் சுட்டுக்கொண்டு உட்கார்ந்தால், ஊர் சிரிக்கிற அன்றைக்கு உடைந்துபோய்விடுவாராம்.

"நீயே சொல்லேன்" என்றேன்.

"நான் மொதல் நாளே சூப்பர்னு சொல்லிட்டேன்பா. இப்ப எப்படி மாத்தறது? நீங்க சொல்லுங்க."

நான் பிரமாதம் என்று சொல்லியிருக்கிறேன். சூப்பரைவிடப் பிரமாதம் பெரிய பொய். நான் எந்த முகத்தோடு போவேன்?

கடவுள் ஒரு வழி வைத்திருந்தார். மாப்பிள்ளையே சொன்னார், தன் அக்கா வந்து சாப்பிட்டுச் சொல்லட்டும், அவள் சொல்கிறதுதான் முடிவு என்று. அக்கா சொல்லிவிட்டால் அன்றே மேனேஜருக்குப் போன் போட்டு, வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுவாராம்.

அக்கா கணக்கு டீச்சர். உண்மையைத் தவிர வேறொன்றும் பேசத் தெரியாத பிறவி. ஒரு கல்யாணத்துக்குப் போய், மேடையில் நின்ற ஜோடியைப் பார்த்துவிட்டு, "உயரம் பொருந்தலையே" என்று சொன்னவர். அதையும் மைக் பக்கத்தில் நின்று சொன்னவர். சொந்தக்காரர்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் மூக்கு நிமிர்கிறவரைக்கும் அவருக்குத் தகவல் சொல்ல மாட்டார்கள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர் வேறு. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், ரொட்டிக் கதை முடிந்துவிடும். மகளும் நானும் அவருக்குச் சிவப்புக் கம்பளம் விரிக்காத குறை.

வந்தார். உட்கார்ந்தார். மாப்பிள்ளை ரொட்டிமேல் மூடியிருந்த துணியை எடுத்தார். ரசமட்டத்தை வைத்துக் காட்டினார். ரம்பத்தால் அறுத்தார். அறுக்கிற சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் அழுதது. அக்கா ஒரு துண்டை எடுத்துக் கடித்தார், அசைத்தார், தண்ணீர் குடித்தார், மறுபடி அசைத்தார். மகள் என்னைப் பார்த்தாள். நான் அக்காவின் தாடையைப் பார்த்தேன். மாப்பிள்ளை துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார், சுத்தமாக இருந்த கையை.

அக்கா நிமிர்ந்து தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா இருக்குடா" என்றார்.

கணக்கு டீச்சர் போட்ட முதல் தப்பு விடை. உண்மை, நேர்மை, நறுக்கென்ற பேச்சு என்று ஊரெல்லாம் பயமுறுத்திக்கொண்டு திரிந்த நாக்கு, சொந்தத் தம்பி எதிரில் வந்ததும் வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்துவிட்டது. என் மகள் எழுந்து சமையலறைக்குள் போனாள். மாப்பிள்ளை பூரித்துப்போய், அக்காவுக்கு இன்னொரு முழு ரொட்டியைத் துணிப் பையில் போட்டு, "எடுத்துட்டுப் போக்கா, வீட்ல செஞ்சது" என்று கொடுத்தார். அக்காவை அனுப்பிவிட்டு மேனேஜருக்குப் போன் பண்ணப்போவதாகவும் சொன்னார்.

"அப்பா, ஏதாவது பண்ணுங்க" என்றாள் மகள், உதடு அசையாமல்.

பையைத் தூக்கிக்கொண்டு, வாசல்வரை விட்டுவிட்டு வருகிறேன் என்று டீச்சரம்மாவோடு லிஃப்ட்டுக்குள் போனேன். கதவு சாத்திக்கொள்கிற நேரம் பார்த்துப் பையின் காது அறுந்தது. ரொட்டி கதவு ஓடுகிற தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தது. கதவு வந்து இடித்தது. ரொட்டி நகரவில்லை. கதவு பின்வாங்கி, யோசித்து, பலமாக வந்து இடித்தது. உள்ளே ஏதோ முறிகிற சத்தம். கதவு அகலவும் இல்லை, மூடவும் இல்லை. கை நுழைகிற அளவு இடைவெளியில் அப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

டீச்சரம்மா பதறிப்போய் மணி படம் போட்ட அலாரம் பொத்தானில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். சத்தம் கேட்டு ஓடிவந்த மாப்பிள்ளை இடைவெளியில் கண்ணை வைத்துப் பார்த்தார். அந்த நிமிஷமே அவர் ரொட்டிக்காரராக இருப்பதை நிறுத்திவிட்டார். குரலே மாறிவிட்டது. கதவைத் தொடாதீர்கள், நகராமல் நில்லுங்கள், மெஷின் ரூமுக்குப் போய்க் கரண்டை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குத் தாவி ஏறினார்.

இதைவிட்டால் வேறு சமயம் கிடைக்காது.

"டீச்சரம்மா, ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"நல்லா இருக்குன்னு."

அவர் பொத்தானை விடாமல் சுவரில் சாய்ந்துகொண்டார். "அவன் மொகத்த பாத்தீங்களா மாமா? சின்ன வயசுல மார்க் ஷீட்ட நீட்டிட்டு நிப்பான். அதே மொகம். நான் என்ன பண்ணுவேன்?"

"நான் தெனமும்தான் பாக்கறேன். அந்த மொகத்துக்கு ஒரு பல்லையே குடுத்திருக்கேன்."

"ரொட்டியா மாமா அது? உள்ளயும் போகாம வெளியவும் வராம, தண்ணி ஊத்தி ஊத்தித் தள்ளினேன். இன்னும் இங்கதான் நிக்குது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"லிஃப்ட் மாதிரி" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "மாவுல காத்து இருந்தாத்தானே மாமா ரொட்டி. இவன் அத கம்பியால குத்திக் குத்தி எடுக்கறானாம். உங்க பொண்ணு சொல்லி அழறா. இத வித்தா, வாங்கினவன் கண்டிப்பா திரும்பி வருவான். அடிக்கறதுக்கு."

"அடிக்க வேற எதுவும் தேட வேண்டாம். ரொட்டியே போதும்."

"கிண்டல் பண்ணாதீங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"மாமனார் எப்படிம்மா மாப்பிள்ளைகிட்ட, நீங்க சுட்டது செங்கல்லுன்னு சொல்றது? செங்கல்லாவது மழைல ஊறும். என் பொண்ணு பயப்படறதெல்லாம் ஒண்ணே ஒண்ணுக்குத்தான். நாளைக்கு ஊரே கூடிச் சிரிச்சா இவர் தாங்குவாரா?"

"தாங்க மாட்டான்" என்றார் டீச்சரம்மா. அந்தக் குரலில் டீச்சர் இல்லை. "அவனுக்கு இருக்கிறது இரும்புக்குன்னு பொறந்த கை. மாவு அதுக்குப் பயந்து செத்துப்போச்சு. இத நான்தான் சொல்லியிருக்கணும். எனக்குத் தைரியம் இல்ல."

அப்போது எங்கள் தலைக்குமேல், பெட்டியின் கூரையில் இருந்த சல்லடை போன்ற தகட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, பொத்தான்லேர்ந்து கைய எடு. அத அமுக்கிட்டே பேசினா இங்க மெஷின் ரூம்ல எல்லாம் கேக்கும்."

டீச்சரம்மா சுட்ட மாதிரி கையை எடுத்தார். தகடு கொஞ்சம் கரகரத்துவிட்டு மறுபடி பேசியது.

"மாமா, பல்லு போனத நீங்க சொல்லவே இல்லயே."

நான் கூரையைப் பார்த்துக் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கரண்ட் நின்றது. மாப்பிள்ளை நிதானமாகப் படியிறங்கி வருகிற சத்தம் கேட்டது. ஒரு சாவியை விட்டுத் திருகினார், கதவை இரண்டு கையாலும் விலக்கினார். எங்களை வெளியே விட்டார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து கதவைப் பார்த்தார். வளையாத எஃகுத் தகடு, நடுவில் சட்டைக் காலர் மாதிரி மடங்கியிருந்தது. ரொட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு கீறல் இல்லை. கட்டை விரலால் கதவின் மடிப்பைத் தடவினார். பிறகு ரொட்டியைத் தடவினார். அந்தக் கதவு என்ன வேகத்தில் வந்து இடிக்கும் என்பது அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

என் மகள் வாசற்படியில் நின்றாள்.

"காத்து இருக்கணுமா அக்கா?" என்றார் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே.

"இருக்கணும்டா."

"எவ்வளவு?"

ஆயுசு முழுக்கக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அம்மாள் பதில் தெரியாமல் நின்றார்.

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். எல்லார் எதிரிலும், அவர் மேனேஜரோடு பேசினார்.

"சார், நான்தான். ஆமா சார், லீவு முடிஞ்சுது. அத பத்தித்தான் பேச கூப்பிட்டேன்." ரொட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "நாளைக்கு வந்துடறேன். வரும்போது எங்க பில்டிங்குக்கு ஒரு கதவுத் தகடு எடுத்துட்டு வரணும். மடங்கிடுச்சு. இல்ல சார், யாரும் ஒதைக்கல. ஒரு பொருள் சிக்கிடுச்சு."

என் மகள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று கேட்காதீர்கள். இரண்டுக்கும் தோள் ஒரே மாதிரிதான் குலுங்கும்.

ரொட்டி சுடுவது நின்றது. பல் டாக்டர் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு மேலே வந்து போனார். மாப்பிள்ளை மறுபடியும் கிரீஸ் கையோடு வீட்டுக்கு வருகிறார், வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார். என்னிடம் மட்டும் ஒரு மாற்றம். குழம்பு எப்படி மாமா என்று கேட்டுவிட்டு, நான் பிரமாதம் என்று சொன்னால், எழுந்து வந்து என் பல்லை எண்ணிப் பார்க்கிறார்.

அந்த ரொட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். லிஃப்ட் குழியின் அடியில், பெட்டி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் தாங்குவதற்கு ஒரு ரப்பர் கட்டை வைத்திருப்பார்கள். எங்கள் கட்டடத்துக் கட்டை வெடித்துப்போய்க் கிடந்தது. புதுக் கட்டை வருகிறவரைக்கும் இருக்கட்டும் என்று மாப்பிள்ளை ரொட்டியை அதில் வைத்து, ரசமட்டம் பார்த்து, நாலு பக்கமும் போல்ட்டை முடுக்கினார். புதுக் கட்டை வந்தது. ரொட்டி அளவுக்குத் தரமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

வருஷாந்தரச் சோதனைக்கு அரசாங்க ஆய்வாளர் ஒருவர் வந்தார். எதைப் பார்த்தாலும் உதட்டைப் பிதுக்குகிற ஜாதி. கயிறைப் பார்த்துப் பிதுக்கினார், மோட்டாரைப் பார்த்துப் பிதுக்கினார், என்னைப் பார்த்தும் பிதுக்கினார். டார்ச்சோடு குழிக்குள் இறங்கினவர் மட்டும் ரொம்ப நேரம் ஏறிவரவில்லை. சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் இன்னும் பலமாகத் தட்டுகிற சத்தம். ஏறிவந்தபோது அவர் கையில் இருந்தது சுத்தியலின் பிடி மட்டும்.

"இந்தக் கட்டை எந்தக் கம்பெனி சரக்குங்க?" என்று கேட்டார். "என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணு பாத்ததில்ல. எங்க வாங்கினீங்க?"

மாப்பிள்ளை துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் முகம், டீச்சரம்மா சொன்ன அந்த மார்க் ஷீட் நீட்டுகிற முகம் ஆயிற்று. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆய்வாளரிடம் சொன்னார்:

"வீட்ல செஞ்சது."